வால்வு அம்ப்ளிஃபயருக்கு ‘இலெக்ட்ரோனிக் சோக்’ போட்டுத் தருகிறோம் என்றால் கவனம்

புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருவைச் சுற்றி வால்வு அம்ப்ளிஃபயரோ பழைய ரேடியோகிராமோ திருத்தக் கொடுக்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

என்னுடையது மாமா கையால் கட்டிய ஸ்டீரியோ அம்ப். பக்கத்துக்கு ஒரு இஎல்84 வால்வு, முன்னால் இசிசி83, ஏசி கரண்டை டிசி ஆக்கும் ரெக்டிஃபயருக்கு ஜிஇசட்34. பவர் சப்ளையில் இரண்டு 47 மைக்ரோபரட் கண்டென்சர்களும் நடுவில் 10 ஹென்றி இரும்புச் சோக்கும் (இரும்பில் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள், கரண்டின் ஏற்ற இறக்கத்தை அடக்குவது). கொஞ்சக் காலமாக ஸ்பீக்கரில் ஹம். பாட்டு நன்றாகத்தான் வந்தது. பாட்டு ஓய்ந்த இடத்தில் ‘ஊ’ என்று அடியில் ஒரு இரைச்சல் கேட்கும். கடையில் காட்டினேன். முதல் கண்டென்சர் காய்ந்திருக்கும், மாற்றினால் சரி, ஆறாயிரம் ரூபா வரும் என்றார்கள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

பிறகு வந்த தொலைபேசியில் கதை மாறிவிட்டது.

“தம்பி, உங்கட சோக் எரிஞ்சு போச்சு. இப்ப அது எங்கேயும் எடுக்க ஏலாது. நான் இலெக்ட்ரோனிக் சோக் போட்டுச் சரியாக்கிட்டேன். இதுதான் இப்பத்த சாமான்.”

கேட்காமலே செய்து முடித்துவிட்டுச் சொல்கிறார். பில் 24,500 ரூபா. பழைய சோக்கைத் தாங்கண்ணே என்றால், “அது குப்பைக்குப் போயிட்டுது” என்கிறார்.

இங்கேயே பொய் தெரிகிறது. சோக்கின் சுற்று எரிந்து அறுந்தால் எச்.டி., அதாவது வால்வுகளை ஓட்டும் உயர் வோல்டேஜ், போய்ச் சேராது, அம்ப் ஊமையாகிவிடும். என் அம்ப் பாடிக்கொண்டுதானே கடைக்குப் போனது? சுற்றுக்குள் ஷோர்ட் ஆவதும் உண்டு, ஆனால் அப்படியென்றால் அளந்து காட்டியிருக்க வேண்டும். செம்பும் இரும்புமாக ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் சாமானை, அதுவும் எங்கேயும் எடுக்க ஏலாது என்று தானே சொல்கிற சாமானை, இந்தக் கொழும்பில் யார் குப்பையில் போடுவார்கள்?

கடையில் போட்டுக் காட்டினார்கள். வெளியே நாட்டாமிமார் வண்டி தள்ளிக்கொண்டு கத்துகிறார்கள், லொறிக்காரன் ஹோர்னை விட மாட்டேன் என்கிறான். அந்தச் சத்தத்தில் ஹம் கேட்குமா? வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து இரவில் போட்டால்தான் தெரிந்தது. முன்பு மெல்லிய ‘ஊ’வாக இருந்தது இப்போது ‘ர்ர்ர்’ என்று கரகரத்தது. சில நாளில் அதுவும் போய், அணைத்துவிட்டு மறுபடி போட்ட ஒரு நேரம் பெரிய உறுமலாக வந்தது. உடனே அணைத்தேன். கொட்டாஞ்சேனையில் வானொலித் திருத்த வேலையில் ஊறிய ஒரு ஐயா இருக்கிறார், அவரிடம் கொண்டுபோனேன்.

அவர் கீழ்த்தகட்டைக் கூடத் திறக்கவில்லை. முதலில் மேலே பார்த்தார். ட்ரான்ஸ்போமருக்குப் பக்கத்தில், கையெட்டும் இடத்தில், கணினி பவர் சப்ளையிலிருந்து கழற்றிய, சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட் சிங்க் ஒன்றை பிளாஸ்டிக் கால்களில் நிற்க வைத்திருந்தார்கள். அதில் ஒரு மொஸ்ஃபெட் (இலெக்ட்ரோனிக் சோக்கின் வேலையைச் செய்யும் ட்ரான்சிஸ்டர்), மேலே இருந்த இலக்கத்தைச் சுரண்டி எடுத்தது. வெள்ளைப் பசை தாராளமாகப் பூசியிருந்தது, கரண்ட் பாயாமல் தடுக்கும் மைக்கா தகடு மட்டும் இல்லை. ஐயா மீட்டரின் கறுப்பு முனையை சேசிஸில் (அம்பின் உலோகச் சட்டத்தில்) கவ்வவிட்டு, ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, அம்பைப் போடச் சொல்லி, சிவப்பு முனையை அலுமினியத்தில் தொட்டார். 318 வோல்ட்.

இந்த வகை மொஸ்ஃபெட்டின் உலோக முதுகு உள்ளே டிரெய்னோடு, அதாவது கரண்ட் நுழையும் காலோடு, சேர்ந்தது. டிரெய்னுக்கு வருவது முழு எச்.டி. மைக்கா போடாமல் முடுக்கினால் அந்த ஹீட் சிங்க் முழுவதும் 318 வோல்டில் நிற்கும். வீட்டில் அம்புக்கு மேலே தூசி துடைப்பது அம்மா. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

சரி, இலெக்ட்ரோனிக் சோக்கே கெட்ட சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே 50 ஹெர்ட்ஸ் கரண்ட், முழு அலை ரெக்டிஃபயருக்குப் பிறகு ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம், ஹம்முக்கு மூலம்) 100 ஹெர்ட்ஸில் வரும். 10 ஹென்றி சோக் அந்த 100 ஹெர்ட்ஸுக்கு 6,280 ஓம் அளவு தடையாக நிற்கும். பின்னால் உள்ள 47 மைக்ரோபரட் வெறும் 34 ஓம். இரண்டும் சேர்ந்து ரிப்பிளை ஏறத்தாழ 185-இல் ஒரு பங்காக்கிவிடும். இலெக்ட்ரோனிக் சோக் வேறு வழியில் அதே வேலையைச் செய்கிறது. ஒரு பெரிய ரெசிஸ்டரும் சின்னக் கண்டென்சரும் வைத்து மொஸ்ஃபெட்டின் கேட்டுக்கு (கட்டுப்படுத்தும் காலுக்கு) ரிப்பிள் இல்லாத வோல்டேஜ் கொடுப்பார்கள். கரண்ட் வெளியேறும் காலான சோர்ஸ் அந்த கேட்டைப் பின்தொடர்ந்து போகும். 470 கிலோஓமும் 1 மைக்ரோபரட்டும் போதும், 100 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட 300-இல் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். கனமும் இல்லை, எச்.டி. மெல்ல மெல்ல ஏறுவதால் ரெக்டிஃபயர் வால்வுக்கும் நல்லது.

ஆனால் அதற்கு விலையாகக் கொஞ்சம் வோல்டேஜை விட்டுக்கொடுக்க வேண்டும். என் அம்ப் இழுப்பது 110 மில்லிஅம்பியர் அளவு. முதல் 47 மைக்ரோபரட் கண்டென்சரில் உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடையே 20 வோல்ட் வரை ரிப்பிள் இருக்கும், அதாவது பள்ளம் சராசரிக்கு 10 வோல்ட் கீழே. கடைக்காரர் கேட்டை ரெசிஸ்டர் வழியாக நேரே டிரெய்னில் கட்டியிருந்தார், ஆகவே மொஸ்ஃபெட்டில் விழுவது 4 வோல்ட் மட்டும். ஒவ்வொரு பள்ளத்திலும் அதற்குப் பிடிக்க இடமில்லாமல் போய், ரிப்பிளின் அடிப்பகுதி வெட்டு வெட்டாகத் தப்பி வரும். நான் கேட்ட ‘ர்ர்ர்’ அதுதான். இஎல்84 ஒற்றையாக நிற்கும் அம்பில், இரண்டு வால்வு எதிரெதிராக வேலை செய்யும் புஷ்-புல் மாதிரி ஹம் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளவும் மாட்டாது.

பிறகு வந்த உறுமல் அந்த மொஸ்ஃபெட் செத்ததால். அது செத்ததற்குக் காரணம் வேறு. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவில் சேனர் டயோட் (வோல்டேஜ் ஓர் அளவைத் தாண்டாமல் பிடிக்கும் சாமான்) இல்லை. இந்த மொஸ்ஃபெட்டுகளின் கேட் தாங்குவது 20 வோல்ட். அம்பை அணைத்ததும் வால்வுகள் எச்.டி.யைச் சட்டென்று உறிஞ்சிவிடும், கேட் கண்டென்சர் மட்டும் தன் பாட்டில் நிறைந்தே இருக்கும். இடைவெளி 20 வோல்டைத் தாண்டினால் கேட் உள்ளே துளைந்துவிடும். 12 வோல்ட் சேனர் ஒன்று, சில்லறைக் காசுக்குக் கிடைப்பது, இதைத் தடுத்திருக்கும். போடும்போது அல்ல, ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் அடி வாங்கியிருக்கிறது பாவம்.

படங்களோடு கடைக்குப் போனேன். “வோல்டேஜ் ஏறி இறங்கினா நாங்க என்ன செய்யிறது தம்பி?” என்றார். மைக்கா எங்கே என்று கேட்டதற்கு, இன்னொரு ஆளோடு பேசத் தொடங்கிவிட்டார்.

ஐயா அதையே முறையாகக் கட்டித் தந்தார். கேட்டிலிருந்து நிலத்துக்கு 10 மெகாஓம் போட்டு, மொத்தம் 18 வோல்ட் விழும்படி செய்தார். வெப்பம் 2 வாட் அளவு. ஐஆர்எஃப்840 மொஸ்ஃபெட், மைக்கா, இன்சுலேட்டிங் புஷ், சேனர், கேட்டுக்கு ஒட்டினாற்போல் 1 கிலோஓம். முதல் கண்டென்சரும் புதிது. அதுதான் ஆரம்பத்திலேயே பழுது. இப்போது ஸ்பீக்கரில் காதை வைத்தாலும் ஹம் இல்லை. இரும்புச் சோக்கோ போனது போனதுதான்.

ஐயா இன்னொன்றும் சொன்னார். சில பழைய செட்டுகளில் ரெக்டிஃபயருக்கு அடுத்ததே சோக்தான், முன்னால் கண்டென்சர் கிடையாது. அங்கே இலெக்ட்ரோனிக் சோக் ஆகவே ஆகாது. இரும்புச் சோக் சக்தியைச் சேமித்துத் திருப்பிக் கொடுப்பதால்தான் அந்த அமைப்பே ஓடுகிறது. அதை எடுத்துவிட்டு முன்னால் ஒரு கண்டென்சரைச் செருகினால், ட்ரான்ஸ்போமர் வோல்டேஜின் 0.9 மடங்காக இருந்த எச்.டி. 1.4 மடங்கை நோக்கி ஏறும். 270 இருந்த இடத்தில் 400. வால்வும் கண்டென்சரும் சேர்ந்து போகும்.

கொடுக்கும் முன் அடித்தகட்டைத் திறந்து படம் எடுங்கள், சோக்கில் அடையாளம் போடுங்கள், கழற்றிய சாமானெல்லாம் திரும்ப வேண்டும் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு தந்தே ஆக வேண்டும், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் இருக்கிறது. தராவிட்டால் அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள்.

ஏற்கெனவே அந்தப் பக்கம் திருத்திய செட் வீட்டில் இருந்தால், மேலே புதிதாக அலுமினியம் ஏதாவது நிற்கிறதா என்று பாருங்கள், தொடாமல். நின்றால் பிளக்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். பிளக் கழன்ற பிறகும் கண்டென்சரில் கரண்ட் நிற்கும். மீட்டர் பிடித்துப் பழகியவர் ஒருவரைக் கூப்பிட்டு, 100 கிலோஓம் 3 வாட் ரெசிஸ்டர் ஒன்றால் அதை இறக்கி, மீட்டரில் பூச்சியம் பார்த்த பிறகே யாரும் உள்ளே கை வைக்கட்டும்.