2011ஐக் கழற்றி 2013ஐ மாட்ட 24,500 ரூபாய்: கணினியை மேம்படுத்த நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

என் கணினியிலிருந்து, 2011ஆம் ஆண்டில் வெளிவந்த பிராசசரை (கணினியின் மூளை போன்ற பாகம்) கழற்றிவிட்டு, 2013ஆம் ஆண்டில் வெளிவந்த பிராசசரை மாட்டி, "இது பத்து வருஷம் ஓடும்" என்று சொல்லி என்னிடம் 24,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். இந்த உண்மை நேற்று இரவுதான் எனக்குத் தெரிந்தது. இன்று காலை அந்தக் கடைக்குப் போய், அவர்கள் சொன்ன பதிலையும் கேட்டுவிட்டு வந்து, கோபம் தணிவதற்குள் இதை எழுதுகிறேன். டெல்டா மாவட்டங்களில் பழைய கணினியை மேம்படுத்த அலைந்துகொண்டிருப்பவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது தப்பிக்க வேண்டும். நீண்ட நாள் உழைக்கும் பிராசசரை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் முடிவில் சொல்கிறேன்.

வலங்கைமான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பொதுச் சேவை மையமும் ஜெராக்ஸ் கடையும் நடத்துகிறேன். சிட்டா அடங்கல் எடுப்பது, நெல் கொள்முதல் நிலையத்துக்குப் பதிவு செய்வது, பயிர்க் காப்பீடு, கல்யாணப் பத்திரிகை என்று அத்தனை வேலையும் ஒரே கணினியில்தான் நடக்கிறது. அதில் இருந்தது இன்டெல்லின் இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்த ஐ3-2120 பிராசசர், 4 ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்). மெதுவாக இருந்தாலும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிகிறது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. ஊர் மக்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் தினமும் புழங்கும் ஒரு கணினியைப் பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாமல் வைத்துக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் எடுத்தேன். ஒரு முறை செலவு செய்தால் எட்டு, பத்து ஆண்டுகளுக்கு அந்தப் பக்கம் போகாமல் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் என் எண்ணம்.

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. டெல்டாவின் பெரிய ஊர் ஒன்றில், கணினி விற்பனையும் பழுதுநீக்கும் வேலையும் சேர்ந்து நடக்கும் கடை அது. ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம் கணினியை எடுத்துக்கொண்டு பேருந்தில் போனேன். கடைக்காரர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர். டீ வாங்கிக் கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும் முகம் மலர்ந்து, "எங்க அம்மா பொறந்த ஊரே வலங்கைமான் பக்கந்தான் அக்கா. உங்கள ஏமாத்திட்டு நான் எங்க போகப் போறேன்?" என்றார். நம் பக்கத்தில் இப்படி ஒருவர் சொன்ன பிறகு யாருக்கும் அடுத்த கேள்வி கேட்கத் தோன்றாது. அதைத் தெரிந்துகொண்டேதான் அவர் அதைச் சொல்லியிருக்கிறார் என்று இப்போது நினைக்கையில் எனக்கு வயிறு எரிகிறது.

அவர் பேசியதில் முதல் பாதி முழுக்க உண்மை. பாகங்கள் எல்லாம் பொருந்தும் பலகையான மதர்போர்டு பழையதாக இருந்தால் அதில் புதிய பிராசசர் பொருந்தாது, அதனால் போர்டையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றார், அது சரிதான். பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பகத்தைப் போட்டால் வேகம் கூடும் என்றார், அதுவும் சரிதான். இந்த உண்மைகளுக்கு நடுவில்தான் பொய்யைச் செருகினார். "ஐ3 போட்டீங்கன்னா மூணு வருஷத்துல திரும்ப வருவீங்க. ஐ5 போட்டா அஞ்சு வருஷம். ஐ7 போட்டுடுங்க அக்கா, பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்" என்றார். விண்டோஸ் 11 ஓடுமா என்று நான் தெளிவாகக் கேட்டேன். "தாராளமா ஓடும், நானே போட்டுத் தரேன்" என்றார். கண்ணாடி அலமாரியிலிருந்து நீலநிறப் பெட்டி ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். அதில் ஐ7 என்று பெரிதாக எழுதியிருந்தது. புதுப் பெட்டி, முத்திரை உடையாத பெட்டி. அதைக் கையில் வாங்கிப் பார்த்த அந்த நிமிடத்தில்தான் நான் முழுவதுமாக நம்பினேன். என் பழைய 4 ஜிபி ராமும் வீணாகாது, புது 8 ஜிபியோடு அதையும் சேர்த்து மாட்டித் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம் என்றும் சொன்னார். அதைப் பெரிய மனது என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பிராசசர், போர்டு, ராம், எஸ்.எஸ்.டி. எல்லாம் சேர்த்து 24,500 ரூபாய். பத்தாயிரத்தைக் கையில் எண்ணிக் கொடுத்தேன். மீதியைக் கைப்பேசி வழியாக அனுப்பினேன். மறுநாள் கணினியைத் தந்தார்கள். முகப்பில் பளபளவென்று ஐ7 ஒட்டுவில்லை. பெட்டியைக் கேட்டதற்கு, "அது கடைக் கணக்குக்கு வேணும் அக்கா, வாரண்டி எல்லாம் நம்ம கடையே பாத்துக்கும்" என்றார்கள். ரசீது என்று கொடுத்தது ஒரு எஸ்டிமேட் சீட்டு. அதில் ஜி.எஸ்.டி. எண் இல்லை. "ஐ7, போர்டு, 8 ஜிபி, எஸ்.எஸ்.டி." என்று ஒரே வரி, அதற்குக் கீழே 24,500.

எஸ்.எஸ்.டி. போட்டதால் தொடக்கத்தில் வேகமாகத்தான் இருந்தது. தீபாவளி வரைக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. நவம்பரில், சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு ஆட்கள் வரிசையில் நிற்கும் நேரத்தில், விண்ணப்பம் பாதியில் இருக்கும்போதே கணினி தானாக அணைந்து அணைந்து எழுந்தது. காலையில் வயலுக்குப் போக வேண்டிய பெரியவர்கள் என் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து ஊர் மையத்துக்குப் போங்கள் என்று அவர்களை அனுப்பிவைக்க வேண்டியதாயிற்று. அந்த வருமானம் போனதைக்கூட விட்டுவிடலாம். என்னை நம்பி வந்தவர்களிடம் முகம் கொடுக்க முடியாமல் நின்றதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அன்றிலிருந்து தொடங்கியது கடையின் தட்டிக்கழிப்பு. முதலில் சாஃப்ட்வேர் கோளாறு என்று சொல்லி, அதைச் சரிசெய்ய 500 ரூபாய் தனியாக வாங்கினார்கள். பிறகு ஊரில் மின்சாரம் ஏற்ற இறக்கமாக இருக்கும், நல்ல யு.பி.எஸ். வாங்குங்கள் என்றார்கள். என் கடையில் யு.பி.எஸ். இருக்கிறது என்று சொன்னதும், அது பழசு என்றார்கள். அதற்குப் பிறகு கடைக்காரர் தொலைபேசியை எடுக்கவே இல்லை. வேலை பார்க்கும் பையன் எடுத்து, "சார் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குச் சரக்கு எடுக்கப் போயிருக்கார்" என்றான். எப்போது கூப்பிட்டாலும் சார் சென்னையில்தான் இருந்தார். நேரில் பிடித்துக் கேட்டபோது அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "அண்ணன வரச் சொல்லுங்க அக்கா, டெக்னிக்கலா பேசிக்கிறோம்." என் கணவர் விவசாயி, கணினியை ஒரு நாளும் தொட்டதில்லை. ஆண்டுக்கணக்காக இந்த மையத்தை நடத்துகிறவள் நான், பணம் கொடுத்தவள் நான், கடன் கட்டுகிறவளும் நான். பணம் வாங்கும்போது அண்ணனை யாரும் தேடவில்லை.

நேற்று கும்பகோணத்திலிருந்து என் சித்தி மகன் வந்திருந்தான். கல்லூரி ஒன்றின் கணினி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறான். சி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு, ஒரு நிமிடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். திரையில் இருந்த பெயர் ஐ7-4770. அவன் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். ஐ7 என்பது பிராசசரின் தரவரிசையை மட்டும்தான் சொல்லும்; அது எந்தக் காலத்துப் பொருள் என்பதை அதற்குப் பின்னால் வரும் எண்தான் சொல்லும். நான்கு இலக்கமாக இருந்தால் முதல் இலக்கம் தலைமுறை: 4770 என்றால் நான்காம் தலைமுறை. ஐ5-12400 போல ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டு இலக்கம்: அது பன்னிரண்டாம் தலைமுறை. நான்காம் தலைமுறை 2013இல் வந்தது. விதைநெல் வாங்கும்போது ரகத்தின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு, எந்தப் பருவத்தில் எடுத்த விதை என்று கேட்காமல் எங்கள் ஊரில் யாரும் நாற்றங்காலில் தெளிக்க மாட்டார்கள்; என்னிடம் ரகத்தின் பெயரைச் சொல்லிப் பருவத்தை மறைத்துவிட்டார்கள்.

2022இல் வந்த ஐ3-12100 என்ற பிராசசருக்கும் இந்த ஐ7-4770க்கும் கோர் எனப்படும், உள்ளே கணக்குப் போடும் பகுதிகளின் எண்ணிக்கை ஒன்றே: நான்கு கோர், எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டும் வேலைத்தொடர்). ஆனால் அந்த ஐ3 இந்த ஐ7ஐவிட நன்றாகவே வேகமானது. "மூணு வருஷத்துல திரும்ப வருவீங்க" என்று அவர் ஒதுக்கித் தள்ளிய அதே ஐ3 வரிசைதான்! ஏறக்குறைய அதே 24,500 ரூபாய்க்குள் அதையும், அதற்கேற்ற புது போர்டையும் வாங்கியிருக்க முடியும் என்று தம்பி கணக்குப் போட்டுக் காட்டினான். விண்டோஸ் 11க்கு இன்டெல் பிராசசர் பொதுவாக எட்டாம் தலைமுறையாகவோ அதற்கு மேலாகவோ இருக்க வேண்டும், இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏ.எம்.டி.யில் ரைசன் 2000 வரிசையிலிருந்து தொடங்குகிறது, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். என் கணினியில் இவை எதுவும் இல்லை. சரிபார்க்கும் கட்டத்தைக் குறுக்கு வழியில் தாண்டி விண்டோஸ் 11ஐ ஏற்றியிருக்கிறார்கள். அப்படி ஏற்றிய கணினிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. எதற்குப் பயந்து 24,500 ரூபாய் செலவழித்தேனோ, அதே இடத்தில்தான் இன்னும் நிற்கிறேன்.

மூடியைக் கழற்றியதும் இன்னொன்றும் தெரிந்தது. மதர்போர்டில் தயாரித்த நிறுவனத்தின் பெயரே இல்லை. தானாக அணைந்து எழுவதற்கு அந்தப் போர்டுதான் காரணமாக இருக்கும் என்கிறான் தம்பி. என் பழைய 4 ஜிபி ராம் அந்தப் போர்டில் பொருந்தியதே ஒரு சாட்சி என்றும் சொன்னான். அது டி.டி.ஆர். 3 வகை. பன்னிரண்டாம் தலைமுறைப் போர்டுகள் டி.டி.ஆர். 4 அல்லது 5 ராமை ஏற்பவை. ராமின் அடிவிளிம்பில் வெட்டு இருக்கும் இடமே வேறு என்பதால், அழுத்தினாலும் டி.டி.ஆர். 3 அவற்றில் உட்காராது. அன்று நான் பெரிய மனது என்று நினைத்து நன்றி சொன்னது இதற்குத்தான்.

இன்று காலை சீட்டோடும் படங்களோடும் போய் நின்றேன். "ஐ7ன்னு சொன்னேன், ஐ7 குடுத்துட்டேன். எந்த ஜெனரேஷன்னு சீட்டுல எழுதியிருக்கா அக்கா?" என்று கேட்டார். அலமாரியில் காட்டிய பெட்டி யாருடையது என்று கேட்டேன். அது வேறு வாடிக்கையாளருக்கு வந்தது என்றார். கடையில் ஆட்கள் கூடியதும் குரலை இறக்கி, மேலும் 18,000 ரூபாய் கொடுத்தால் பன்னிரண்டாம் தலைமுறை போட்டுத் தருவதாகவும், இந்த ஐ7, போர்டு, ராம் மூன்றையும் 6,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். அக்டோபரில் எனக்கு விற்றவற்றில் எஸ்.எஸ்.டி. தவிர மற்ற மூன்றுக்கும் அவரே இன்று போடும் விலை 6,000. எஸ்.எஸ்.டி.யும் சேர்த்து என்னிடம் வாங்கியது 24,500.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதிந்துவிட்டேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பொருளின் மதிப்பு ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவே தாக்கல் செய்யலாம். பணம் அனுப்பிய பதிவும் அந்தச் சீட்டும் என்னிடம் இருக்கின்றன.

விரிவாகச் சொல்கிறேன் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். கடையில் ஆள் நிற்கிறார்கள், அவசியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஐ5, ஐ7 என்ற பெயரைக் கேட்டுப் பணம் கொடுக்காதீர்கள். பிராசசரின் முழு எண்ணையும் போர்டின் நிறுவனப் பெயரையும் ஜி.எஸ்.டி. ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த எண் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 11 பட்டியலில் இருக்கிறதா என்று கடையிலேயே கைப்பேசியில் பாருங்கள். உங்கள் பழைய டி.டி.ஆர். 3 ராம் புது போர்டில் பொருந்தும் என்று சொன்னால் அந்தப் போர்டு வேண்டாம். பின்னாளில் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளும் எண்ணம் இருந்தால், போர்டில் பிராசசர் உட்காரும் இடமான சாக்கெட் எது என்று கேளுங்கள்: ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 சாக்கெட்டுக்கு 2027 வரையும் அதற்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று அந்த நிறுவனம் சொல்லியிருக்கிறது. இன்டெல்லின் 1700 சாக்கெட் 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறைகளோடு முடிந்துவிட்டது. 13, 14ஆம் தலைமுறையின் உயர்ரகப் பிராசசர்களில் மின்னழுத்தக் கோளாறு இருந்ததால் 2024இல் அதற்குத் திருத்தம் வந்தது. அவற்றைப் பழையதாக வாங்குவதைத் தவிர்த்துவிடுங்கள். பெட்டியில் வரும் இன்டெல் பிராசசருக்கு நிறுவனத்தின் மூன்றாண்டு வாரண்டி உண்டு, பெட்டி இல்லாமல் தருவதற்குக் கடைக்காரரின் வாய்ச்சொல்தான் வாரண்டி. ஆகவே பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லி, பிராசசர் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, அந்தக் காலிப் பெட்டியையும் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.