பள்ளித் திடலா, தண்ணீர்மலைப் பூங்காவா?

பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளில் வெளிப்புறக் கற்றல் என்றாலே பேருந்துக்குச் சொல்லிவிட்டீர்களா என்றுதான் கேட்கிறார்கள். நான்காம் ஆண்டு அறிவியலுக்குப் பள்ளித் திடலே முதல் தேர்வு. தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்கா அதற்கு அப்புறம்தான்.

திடலுக்கு அடுத்தடுத்த இரண்டு பாடவேளை, அதாவது 60 நிமிடம் போதும். நான்கு மீட்டருக்குச் சற்று நீளமான கயிற்றில் மீட்டருக்கொரு முடிச்சுப் போட்டு நுனிகளைக் கட்டினால், ஒரு சதுர மீட்டர் கட்டம் தயார். குழுவுக்கு நால்வர். ஒரு கட்டம் மரநிழலில், இன்னொன்று வெயிலில்; இரண்டிலும் எத்தனை வகைச் செடி, எத்தனை வகைப் பூச்சி என்று எண்ணவேண்டும். இடத்தைப் பிள்ளைகளிடம் விட்டால் பூ இருக்கும் பக்கமாகத்தான் போடுவார்கள். சுவரிலிருந்து பத்து காலடி என்று ஆசிரியரே சொல்லிவிடலாம். புல் வெட்டிய மறுநாள் போனால் கட்டத்தில் எண்ண ஒன்றும் இருக்காது. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மாமரத்தில் முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கிறதா என்றும் முந்தின நாளே பாருங்கள். மழைக்குப் பிறகு அதே கட்டத்துக்குத் திரும்பிப் போகலாம் என்பதுதான் திடலின் பெரிய பலம். பூங்காவில் அது நடக்காது.

1884-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் அனுமதிக் கடிதங்கள், பெற்றோர் ஒப்புதல், பேருந்து என்று அரை நாள் போய்விடும். திடலில் இல்லாத மரங்களுக்காகப் போகலாம். நாகலிங்க மரத்தைக் கோயிலில் பார்த்த பிள்ளைகளுக்கு அது தென்னமெரிக்க மரம் என்பதே வியப்பு. பூ கிளை நுனியில் வராமல் அடிமரத்திலிருந்தே வருவதைக் கிட்டத்தில் காட்டலாம். காய் பீரங்கிக் குண்டு மாதிரி கனமானது, அடியில் நிற்கவிடாதீர்கள். பெரிய மரங்களின் சுற்றளவை 1.3 மீட்டர் உயரத்தில் அளந்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம் வரும். நாடா சாய்ந்தால் அளவு கூடிவிடும். பள்ளி மரத்தில் பழகாத வகுப்பு பாதி நேரத்தை இதிலேயே தொலைக்கும். குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டால் பறிக்கும். உணவைப் பேருந்திலேயே விட்டுவிடுங்கள்.

தெலுக் பஹாங் நறுமணப் பூங்கா மூன்றாவதுதான். டிக்கெட் உண்டு, ஐம்புலன் பாடத்துக்கு அருமை. பத்து பெரிங்கி என்ற கடற்கரை ஊரைத் தாண்டும் சாலை வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். காலை உணவைக் குறைவாகக் கொடுத்து, தலைசுற்றும் பிள்ளைகளை முன் இருக்கையில் உட்கார வையுங்கள்.