மூக்கு ஆட்டத்துக்கு ஒரு தகடு: ஜெட் போட்டுக்கான அட்ஜஸ்டபிள் ரைடு பிளேட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொருள் நல்ல பொருள்தான். ஆனால் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் வாக்குறுதிகளில் பாதியைத்தான் நம்பலாம். மீதிப் பாதி, படகில் வேறு எங்கோ ஒளிந்திருக்கும் கோளாறுகளைப் பற்றியது. அவற்றுக்கும் இந்தத் தகட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

என்னுடையது 18 அடி ஃபைபர்கிளாஸ் ஜெட் போட். அடிப்பாகம் வி வடிவம், உள்ளே பெரிய வி8 இன்ஜின், பின்னால் பெர்க்லி வகை சிங்கிள் ஸ்டேஜ் பம்ப். மணிக்கு 70 கிலோமீட்டர் வரை பரம சாது. 85ஐத் தாண்டினால் படகின் மூக்கு, அதாவது முன்முனை, மேலும் கீழுமாகக் குதிக்க ஆரம்பிக்கும், திராட்டிலைக் கூட்டக் கூட்ட குதிப்பும் கூடும். 100ஐ நெருங்கும்போது குதிப்பு போய், இடமும் வலமுமாக மாறி மாறிச் சாயத் தொடங்கும். முதலாவதை பார்பாய்சிங் என்பார்கள், இரண்டாவது சைன் வாக்கிங். இரண்டும் ஒரே தகட்டில் தீரும் என்று பெட்டி சொன்னது. தீர்ந்தது ஒன்று.

இது என்ன பொருள் என்று தெரியாதவர்களுக்காக: ஜெட் போட்டில் வெளியே புரொப்பெல்லரும் கிடையாது, சுக்கானும் கிடையாது. அடியில் இருக்கும் இன்டேக் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, பம்ப்புக்குள் சுழலும் இம்பெல்லர் அதை வேகமாகப் பின்னால் நாசில் என்ற குழாய்முனை வழியே பீய்ச்சுகிறது. நாசிலைத் திருப்பினால் படகு திரும்பும். நியூசிலாந்தில் பில் ஹாமில்டன் 1950களில் இதை உருவாக்கியபோது பீய்ச்சலை முதலில் அடிப்பாகத்துக்குக் கீழே விட்டார். அப்புறம் அதை நீர்மட்டத்துக்கு மேலே, பின்சுவர் வழியாக விட்டதும்தான் வேகம் வந்தது. அந்த ஏற்பாட்டில் இன்டேக்குக்குப் பின்னால், பம்ப்புக்கு அடியில், படகின் அடித்தளம் முடிகிற இடத்தில் ஒரு தகடு வரும். அதுதான் ரைடு பிளேட். அடித்தளத்தைப் பின்னால் கொஞ்சம் நீட்டிவைப்பதுபோல. சாதாரணத் தகடு ஒரே கோணத்தில் நிற்கும். நான் வாங்கியதில் பின்முனையை போல்ட் மூலம் ஏற்றி இறக்கலாம்.

பின்முனையை இறக்கினால் ஓடும் தண்ணீர் தகட்டை மேலே தள்ளும். பின்பக்கம் உயர்ந்து மூக்கு தாழும். ஏற்றினால் மூக்கு தூக்கும், அவ்வளவுதான் சூத்திரம். ஆனால் அளவுகள் எவ்வளவு சின்னவை என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. தகடு 300 மில்லிமீட்டர் நீளம் என்றால், பின்முனையில் 2 மில்லிமீட்டர் இறக்குவது அரை டிகிரிகூட இல்லை. அந்த அரை டிகிரி 50 கிலோமீட்டரில் தெரியவே தெரியாது. வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் தள்ளுவிசை நான்கு மடங்காகும். அதனால் 100இல் அதே 2 மில்லிமீட்டர் உங்கள் கையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கப் பார்க்கும். கால் சுற்று, அரைச் சுற்று என்று போக வேண்டிய இடம் இது.

பொருத்துவதற்கு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். பழைய ஜெட் பம்ப்புகளைப் பிரித்துப் பிரித்தே தலை நரைத்தவர். பெட்டியைப் பிரிக்கக்கூட விடவில்லை. “தகட்டை அப்புறம் பாக்கலாம் தம்பி. முதல்ல நாசிலைப் பிடிச்சு ஆட்டு” என்றார். நான் ஸ்டியரிங் வீலை அசையாமல் பிடித்துக்கொள்ள, அவர் பின்னால் போய் நாசிலை ஆட்டினார். தாராளமாக ஆடியது. கேபிள் முனையில் இருந்த பால் ஜாயின்ட் தேய்ந்து போயிருந்தது. “இதை வெச்சுக்கிட்டு நூறுல போனா படகு நடக்காம என்ன செய்யும்?” ஜாயின்ட்டை மாற்றி, பேட்டரியை இடப்பக்கத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்து, பழைய தகட்டோடேயே ஓட்டிப் பார்த்தோம். சைன் வாக்கிங்கில் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிட்டது. ஆக, இரண்டாவது நோய்க்கான பாராட்டு இந்தத் தகட்டுக்குச் சேராது.

மூக்குக் குதிப்பு மட்டும் அப்படியே இருந்தது. அதற்கும் அவர் உடனே தகட்டை எடுக்கவில்லை. நேரான ஒரு நீள அலுமினிய ரூலரை அடிப்பாகத்தில், பின்முனையிலிருந்து முன்னோக்கி வைத்தார். கடைசி ஒன்றரை மீட்டர் தட்டையாக இருக்க வேண்டும். பின்முனை கீழ்நோக்கி வளைந்திருந்தால் ஹூக். அது மூக்கை அழுத்தும், வேகத்தைத் தின்னும். மேல்நோக்கி வளைந்திருந்தால் ராக்கர், குதிப்புக்கு முதல் சந்தேகம் அதன் மேல்தான். டிரெய்லரில் கட்டைகள் தப்பான இடத்தில் தாங்கினால் பல வருடத்தில் ஃபைபர் இப்படி வளையும். என் படகில் லேசான ராக்கர் இருந்தது. அதிகம் இல்லை, ரூலருக்கும் அடித்தளத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி. அதைச் சரிசெய்ய ஃபைபர் வேலை செய்து அடித்தளத்தை நிரவ வேண்டும். அல்லது தகட்டால் ஈடுகட்டலாம். இந்தப் பொருள் தன் காசுக்கு நியாயம் செய்கிற இடம் இதுதான்.

தகட்டை அடித்தளத்தோடு சமமாக வைத்து முதலில் ஓட்டினோம். கொஞ்சம் நல்ல மாற்றம். பின்முனையை 1 மில்லிமீட்டர் இறக்கியதும் குதிப்பு 95க்குத் தள்ளிப்போனது. 2 மில்லிமீட்டரில் குதிப்பே இல்லை. அண்ணன், “இன்னும் கொஞ்சம் இறக்கிக் காட்டறேன், தெரிஞ்சுக்க” என்று 4 வரை கொண்டுபோனார். படகு ரயில் மாதிரி நேராகப் போகும் என்று நினைத்தால், மூக்கு தண்ணீரைக் கடித்துக்கொண்டு தானாகவே திசை தேடியது. உச்ச வேகமும் குறைந்தது. பவ் ஸ்டியர் என்பது இதுதான். குதிப்பைவிட இது ஆபத்து, ஏனென்றால் முன்பகுதி ஆழமாக இறங்கி, பின்பக்கம் லேசாக இருக்கும்போது படகு சட்டென்று சுழன்றுவிடும். வாங்கியவுடன் ‘நன்றாக இறக்கி வைத்தால் நன்றாக வேலை செய்யும்’ என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். 2க்குத் திரும்பி வந்து, அங்கேயே பூட்டிவிட்டோம்.

சோதனை ஓட்டத்துக்கு ஒரு குறிப்பு. மச்சானைப் பக்கத்தில் உட்காரவைத்து ஜிபிஎஸ் வேகத்தையும் ஆர்பிஎம்மையும் சேர்த்துக் குறிக்கச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அதே ஆட்கள், அதே அளவு பெட்ரோல். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் முக்கால் கிலோ எடை. 100 லிட்டர் டேங்க் பின்பக்கம் இருந்தால், நிரம்பியதற்கும் காலிக்கும் நடுவே ஓர் ஆள் ஏறி இறங்கிய வித்தியாசம் வரும். டேங்க் அளவைக் கவனிக்காமல் தகட்டைத் திருகிக்கொண்டிருந்தால் எதைச் சரிசெய்தோம் என்றே தெரியாது. இன்னொன்று, திராட்டிலைத் திடீரென்று விடக்கூடாது. ஜெட் போட்டில் பீய்ச்சல் நின்றால் ஸ்டியரிங்கும் நின்றது. ஆட்டம் வந்தால் மெதுவாகக் குறைக்க வேண்டும். கில் ஸ்விட்ச் கயிறும் (ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்துவது) லைஃப் ஜாக்கெட்டும் இல்லாமல் இந்த மாதிரி ஓட்டங்களுக்குப் போவதைப் பற்றி நான் பேசப்போவதே இல்லை.

இனி பெட்டியில் எழுதியிருந்த மூன்றாவது வாக்குறுதி: ‘பம்ப் பிடிமானம் இழப்பதைத் தடுக்கும்.’ இது எனக்கு உண்மையிலேயே எரிச்சல். வேகமாகப் போகும்போது ஆர்பிஎம் குபீரென்று ஏறி, வேகம் ஏறாமல் நின்றால், பம்ப்புக்குத் தண்ணீருக்குப் பதிலாகக் காற்று போகிறது, அல்லது போதுமான தண்ணீர் போகவில்லை. குதிக்கிற படகில் இன்டேக் தண்ணீரை விட்டு எழும்புவதால் இப்படி நடந்தால், குதிப்பை நிறுத்தியதும் இதுவும் நிற்கும். அந்த அளவுக்கு மட்டும் வாக்குறுதி சரி. மற்றபடி தேட வேண்டிய இடங்கள் வேறு. இன்டேக் கம்பிகளில் பாசியோ கயிறோ சிக்கியிருக்கலாம். கை விட்டுச் சுத்தம் செய்கிற மூடியின் ரப்பர் வளையம் கெட்டு, அந்த வழியாகக் காற்று உறிஞ்சலாம். இன்டேக்கின் முன்விளிம்பு அடித்தளத்தோடு வழுவழுப்பாகச் சேராமல் படி விட்டிருக்கலாம். மீன் தேடும் கருவியின் சென்சாரை யாரோ இன்டேக்குக்கு நேர் முன்னால் ஒட்டியிருக்கலாம். அது கிளப்பும் குமிழிகள் நேராக உள்ளே போகும். கூழாங்கல் அடித்து இம்பெல்லர் விளிம்பு மழுங்கியிருந்தாலோ, இம்பெல்லரைச் சுற்றியிருக்கும் வேர் ரிங் என்ற வளையம் தேய்ந்து இடைவெளி கூடியிருந்தாலோ, தண்ணீர் பின்னால் போகாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். இவை எதையும் பின்னால் தொங்கும் ஒரு தகடு சரிசெய்யாது. எல்லாம் ஒழுங்காக இருந்தும் உச்ச வேகத்தில் மட்டும் பிடிமானம் போகிறது என்றால், அதற்கு லோடர் என்று தனியாக ஒரு கிரில் உண்டு, தண்ணீரை அள்ளி உள்ளே தள்ளுகிற வகை.

ஒரு பக்கமாக இழுக்கிறதா? தகட்டின் இரண்டு மூலைகளையும் அளந்து பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கம் மட்டும் தூக்கிக்கொள்ளும், படகு சாய்ந்து ஓடும். பின்னால் போவதற்காகப் பீய்ச்சலை முன்பக்கம் திருப்பிவிடும் ரிவர்ஸ் பக்கெட் முழுதாக மேலே ஏறி நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதன் விளிம்பு பீய்ச்சலில் லேசாக உரசினாலே ஓட்டம் மாறிவிடும், நாம் தகட்டைக் குறைசொல்லிக்கொண்டிருப்போம்.

பொருளின் தரத்துக்கு வருகிறேன். வார்ப்பு சுத்தம், அடிப்பக்கம் நன்றாக இழைத்திருக்கிறார்கள், துளைகள் என் பம்ப்பின் துளைகளோடு சரியாகப் பொருந்தின. குறைகள் மூன்று. ஒன்று, அட்ஜஸ்ட் செய்யும் போல்ட்டில் எந்த அளவுக் குறியும் இல்லை. நாங்களே பெயின்ட் பேனாவால் கோடு போட்டுக்கொண்டோம். இரண்டு, லாக் நட் சாதாரண நட். பின்பக்க அதிர்வில் அது கழன்றுகொண்டே வந்தது. நைலான் வளையம் உள்ள நட் போட்டதும்தான் நின்றது. ஒரு போல்ட் கழன்று தகடு 90 கிலோமீட்டர் வேகத்தில் தானாகக் கோணம் மாறினால் என்ன ஆகும் என்று தயாரித்தவர்கள் யோசித்திருக்க வேண்டும். மின்னஞ்சலில் கேட்டேன், ‘சரியாக முறுக்கவும்’ என்று ஒரு வரி பதில் வந்தது. மூன்று, ஸ்டெயின்லெஸ் போல்ட், அலுமினியத் தகடு, நடுவே பூச எதுவும் கொடுக்கவில்லை. இரண்டு உலோகமும் தண்ணீரில் சேர்ந்தால் அரிக்கும், போல்ட் உள்ளேயே இறுகிவிடும். போல்ட் இறுகாமல் காக்கும் ஆன்டி சீஸ் பசையைப் பூசித்தான் போட வேண்டும், உப்புத் தண்ணீரில் ஓட்டுபவர்கள் கட்டாயமாக. விளக்கத் தாள் என்று ஒன்று வந்தது. அதில் படகைத் துடைப்பது எப்படி என்பதற்கு ஒதுக்கிய இடம், பின்முனையை எந்த அளவிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு இல்லை.

இன்னொரு குறையைக் குறை என்பதைவிடத் தன்மை என்று சொல்லலாம். ஓடும்போது இதை மாற்ற முடியாது. படகை வெளியே எடுத்து, ஸ்பானரோடு அடியில் படுக்க வேண்டும். காலையில் கண்ணாடித் தண்ணீருக்கு வைத்த கோணம் மத்தியானக் காற்றலைக்குச் சரிவராது. அதற்குத்தான் டைவர்ட்டர் இருக்கிறது. நாசிலையே மேலும் கீழும் திருப்புகிற அமைப்பு, காலாலோ கையாலோ உட்கார்ந்த இடத்திலிருந்து இயக்கலாம். பீய்ச்சலைக் கீழே திருப்பினால் மூக்கு தாழும், மேலே திருப்பினால் தூக்கும். ஏற்கனவே டைவர்ட்டர் வைத்திருப்பவர்கள் இந்தத் தகட்டுக்கு அவசரப்பட வேண்டாம். அடித்தளத்தில் ராக்கர் இருந்து, டைவர்ட்டரை எந்நேரமும் கீழேயே அழுத்திவைத்து ஓட்டுகிறீர்கள் என்றால் மட்டும் வாங்குங்கள். தகட்டில் அடிப்படைக் கோணத்தை வைத்துவிட்டால் டைவர்ட்டருக்கு இரண்டு பக்கமும் இடம் கிடைக்கும்.

அடித்தளம் ரூலர் மாதிரி நேராக இருக்கிற படகுக்கு இது அநேகமாகத் தேவையே இல்லை. மற்றவர்களுக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த நட்டை மாற்றி அனுப்பினால் நான்கு.