பெரியம்மாவுக்கு எலும்பு ஊசி: திருச்சி அனுபவம்

இந்தமுறை லண்டனிலிருந்து ஊருக்குப் போனதில் கோயில் குளம் எதுவும் உருப்படியாக அமையவில்லை, ஆஸ்பத்திரி அலைச்சல்தான். பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் பரவியிருக்கிறது. லால்குடியிலிருந்து திருச்சி போகும் வழியில் வேகத்தடை வரும்போதெல்லாம் முன்சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பார். வலி குறையவும் எலும்பு முறியாமல் காக்கவும் ஜோலெட்ரானிக் ஆசிட் டிரிப்ஸ் போடலாம் என்றார் டாக்டர்.

லேப் சர்வீஸைப் பாராட்டத்தான் வேண்டும். விடிந்தும் விடியாமல் ஒரு பையன் பைக்கில் வந்து ரத்தம் எடுத்துப் போனான். கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் டெஸ்ட்), கால்சியம், வைட்டமின் டி மூன்றும் மதியச் சாப்பாட்டுக்குள் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டன. இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், ரத்தத்தில் கால்சியத்தையும் இறக்கிவிடும். அதனால் இவற்றைப் பார்க்காமல் ஏற்றக்கூடாது.

ஆனால் பல்லைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பெரியம்மாவுக்கு ஆடிக்கொண்டிருக்கும் ஒரு கடைவாய்ப்பல். "பொங்கல் கழியட்டும், பிடுங்கிக்கலாம்" என்று தள்ளிப்போட்டு வந்தார். இந்த மருந்து ஏற்றிய பிறகு பல் பிடுங்கினால், சிலருக்குத் தாடையெலும்பு ஆறாமல் செத்துப்போய் வெளியே தெரியும். நான் கேட்டதற்கு, "அதெல்லாம் ரேர்ங்க" என்று டாக்டர் முடித்துக்கொண்டார். ரேர்தான். வந்துவிட்டால் படுகிற பாடு பெரியது. நாங்கள் பிடிவாதமாக டிரிப்ஸைத் தள்ளிவைத்து, பல்லைப் பிடுங்கி, ஈறு ஆறிய பிறகுதான் போனோம்.

டே கேர் வார்டில் இருந்த சிஸ்டர்தான் நிஜமான டாக்டர் என்பேன். 4 மில்லிகிராம் மருந்தை 100 மில்லி சலைனில் கலந்தார். "அம்மா, தண்ணி நல்லா குடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியையே எடுத்தார். 15 நிமிடத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். சீக்கிரம் முடிக்கச் சொன்ன அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். "ராத்திரி காய்ச்சல் வரும், மேலெல்லாம் வலிக்கும். பயந்து ஓடி வராதீங்க, பாராசிட்டமால் போதும்" என்றும் சொல்லி அனுப்பினார். சொன்னபடியே காய்ச்சல் வந்தது, போனது.

மறுநாளிலிருந்தே சொந்தக்காரர்கள் போன் போட்டு, "ஊசி போட்டாச்சே, வலி விட்டுச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வலி மாத்திரை மாதிரி வேலை செய்கிற மருந்து இல்லை இது. எலும்பை அரிக்கிற செல்களைப் புற்றுநோய் செல்கள் தூண்டிவிடுகின்றன; அப்படி அரிக்கிற செல்களை இது அடக்குகிறது. பலன் தெரிய வாரங்கள் ஆகும், எல்லோருக்கும் ஒரே அளவில் வலி குறையும் என்றும் இல்லை. இதை டாக்டரே முதலில் சொல்லியிருந்தால் பெரியம்மா அந்த வாரம் முழுக்க மனசு விட்டிருக்க மாட்டார்.

அதுவரைக்கும் தாங்க மார்ஃபின் மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். கேட்ட மெடிக்கல் ஷாப்பில் எல்லாம் கையை விரித்தார்கள். கடைசியில் வலி நிவாரணப் பிரிவு உள்ள வேறொரு ஆஸ்பத்திரியில்தான் கிடைத்தது. அங்கேயே இடுப்புக்கு ஒரே சிட்டிங்கில் 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) ரேடியேஷனும் கொடுத்தார்கள். வலிக்கு இது உலகம் முழுக்கக் கொடுக்கிற சிகிச்சை. முதல் ஆஸ்பத்திரியில் ஏன் இந்தப் பேச்சையே எடுக்கவில்லையோ.

இப்போது கட்டிலிலிருந்து தானாக எழுந்து பாத்ரூம் போகிறாராம். அடுத்த டிரிப்ஸுக்கு முன்னால் மறுபடி கிரியேட்டினின் பார்க்கும்படி அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.