அண்டர்டேக்கர் காலமா, ரோமன் ரெய்ன்ஸ் காலமா?

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) அப்போது ஒரே ஒரு டிவிதான், அதுவும் கார் பேட்டரியில் ஓடும், அதன் முன்னால் பத்துப் பதினைந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்துதான் ரெஸ்லிங் (இப்போதைய WWE மல்யுத்தம்) பார்ப்போம். 1998இல் அந்தக் கால நட்சத்திரம் அண்டர்டேக்கர், மேன்கைண்ட் என்ற வீரரை 16 அடிக் கூண்டின் உச்சியிலிருந்து தூக்கிப்போட்ட காட்சியைப் பார்த்து லயமே அலறியது. அந்தப் பயம் இப்போது வருவதில்லை.

ஆனால் ஆட்டம் என்று பார்த்தால் இன்றைக்குள்ளவர்கள்தான் மேல். வேகம், நுணுக்கம், அப்புறம் பெண்கள்! WWEயின் ஆண்டின் மிகப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில், 2019இல் கடைசியாக வந்த பிரதான ஆட்டமே அவர்களுடையது, அந்த லயத்துக் காலத்தில் இதை யாரும் நினைத்திருக்க மாட்டோம். தலையில் கதிரையால் அடிப்பதை 2010இல் தடை செய்ததும் மிகச் சரி. இந்தக் கால நட்சத்திரம் ரோமன் 1316 நாள் சாம்பியன் பட்டத்தை வைத்திருந்து 2024இல் கோடி ரோட்ஸ் என்ற வீரரிடம் இழந்தபோது எனக்குக் கண்ணீரே வந்தது. அதைப் போனில் தனியாகத்தான் பார்த்தேன், சேர்ந்து கத்தப் பக்கத்தில் ஆளில்லை.