எட்டு மழைக்காலம், பத்து ஜன்னல்: மரம், அலுமினியம், யுபிவிசி மூன்றோடும் வாழ்ந்த அனுபவம்

எங்கள் வீடு திருவான்மியூரில் இருக்கிறது. கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். 1988-இல் அப்பா கட்டியது. மொத்தம் பத்து ஜன்னல். நிலை எல்லாம் வேங்கை, கதவுகள் தேக்கு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது மாடியில் வடக்குப் பார்த்த இரண்டு ஜன்னல்களும் போயின. ஒன்றின் மேல் பக்கத்து வீட்டுப் பாதாம் மரத்தின் கிளை விழுந்தது. இன்னொன்றில் கொக்கி பிடுங்கிக்கொண்டதால், கதவு காற்றில் அடித்து அடித்துக் கீலோடு கழன்று தெருவில் விழுந்தது. அப்போது தொடங்கிய ஜன்னல் வேலை இன்றுவரை ஏதோ ஒரு வடிவில் நடந்துகொண்டேதான் இருக்கிறது. மரம், அலுமினியம், யுபிவிசி என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் என மூன்று வகையையும் ஒரே வீட்டில், ஒரே உப்புக் காற்றில் வைத்துப் பார்த்துவிட்டேன். ஜன்னல் மாற்றலாமா என்று யோசிப்பவர்களுக்கு, குறிப்பாகக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு, இது உதவும் என்று நம்புகிறேன்.

உடைந்த அந்த இரண்டுக்கும் 2017 தொடக்கத்தில் அலுமினிய ஸ்லைடிங் போட்டோம். "மரமெல்லாம் எதுக்கு, பராமரிக்க முடியாது" என்று கேட்ட இடத்திலெல்லாம் சொன்னார்கள். மாடியில் மழை உள்ளே வந்துகொண்டிருந்த அவசரம் வேறு. சதுர அடி சுமார் 350 ரூபாய் ஆனது. நிலையையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். நான் தடுத்திருக்க வேண்டும். அந்த வேங்கை நிலைகளில் ஒரு கீறல்கூட இல்லை.

முதல் இரண்டு வருஷம் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது வருஷம் உருளைகள் இறுக ஆரம்பித்தன. கடற்காற்று கொண்டுவரும் பொடி மணல் தண்டவாளத்தில் சேர்ந்து, ஈரத்தோடு கெட்டியாகி, உருளையைத் தேய்த்துவிடுகிறது. திருகு போட்ட இடங்களில் பவுடர் கோட்டிங் கொப்பளித்து உரிந்தது. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது மழை. ஸ்லைடிங் ஜன்னலின் தண்டவாளத்தில் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். அது வெளியே வடிய கீழே துளைகள் இருக்க வேண்டும். எங்களுக்கு மாட்டியவர் சுத்தமாகத் தெரியட்டும் என்று வெளிப்பக்க ஓரம் முழுக்க சிலிக்கான் இழுத்து, துளைகளையும் சேர்த்து அடைத்துவிட்டார். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னைக்கு அப்பால் கடலில் இருந்துகொண்டு கொட்டியபோது, வடக்கிலிருந்து அடித்த காற்று தண்டவாளத்துத் தண்ணீரை அப்படியே அறைக்குள் தள்ளியது. இரவு முழுக்க வேட்டியும் துண்டும் போட்டுப் பிழிந்தோம்.

மழை விட்டபின் பிளேடால் அந்த சிலிக்கானைக் கீறி எடுத்து, துளைகளைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் வந்தபோது உள்ளே வந்த தண்ணீர் பாதிக்கும் கீழே. ஸ்லைடிங் வைத்திருப்பவர்கள் ஐப்பசிக்கு முன்னால் ஒரு குவளைத் தண்ணீரைத் தண்டவாளத்தில் ஊற்றி, அது வெளியே வடிகிறதா என்று பாருங்கள். அப்புறம், ஸ்லைடிங்கில் எப்போதும் பாதி ஜன்னல்தான் திறக்கும். மாலையில் கடற்காற்றை நம்பி வாழும் வீட்டுக்கு அது பெரிய இழப்பு.

2018-இல் மற்ற ஜன்னல்களுக்கு வந்தோம். அப்பாவுக்குத் தெரிந்த ஒரு ஆசாரியை அழைத்து வந்தேன். அவர் அளவு நாடாவை எடுக்கவே இல்லை. பையிலிருந்து ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து, ஒவ்வொரு நிலையின் அடிக்கட்டையிலும் மூலையிலும் அழுத்திக் குத்திப் பார்த்தார். எட்டு நிலைகளில் மூன்றில் முனை வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. மூன்றுமே கிழக்குப் பக்கம். மற்ற ஐந்தையும் காட்டி, "தம்பி, இது கல்லு மாதிரி இருக்கு. இதப் பேத்தா சுவரும் சேந்து போகும். கதவை மட்டும் என்கிட்ட குடுங்க" என்றார்.

அந்த ஐந்து ஜன்னல்களின் கதவுகளையும் கழற்றி மொட்டை மாடி நிழலில் போட்டு வேலை செய்தார். மக்கிப்போனது பெரும்பாலும் கீழ்ச்சட்டம்தான். மக்கிய பகுதியை மட்டும் நல்ல மரம் தெரியும்வரை வெட்டி எடுத்து, அதே அளவுக்குத் தேக்குத் துண்டு சாய்வாக ஒட்டுப்போட்டு மர ஆணி அடித்தார். வெடித்துப்போன பழைய புட்டியைச் சுரண்டிவிட்டு, கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள மர பீடிங் (மெல்லிய சட்டம்) வைத்தார். பெயிண்ட் அடிக்கும்போது அவர் கறாராகச் சொன்ன ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்கிறேன். கதவின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் பெயிண்ட் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் பெயிண்டர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். மரம் தண்ணீர் குடிப்பது அந்த வெட்டு முகத்தின் வழியாகத்தான். எங்கள் கதவுகளைக் கழற்றியபோது கீழ் விளிம்புகளில் முப்பது வருஷமாகப் பெயிண்ட் பட்ட சுவடே இல்லை.

இன்னொன்று, கார்த்திகையில் ஜன்னல் இறுகினால் உடனே இழைப்புளியைத் தேடாதீர்கள். மரம் ஈரத்தில் உப்பியிருக்கும். அப்போது இழைத்துவிட்டால், மாசி வெயிலில் காய்ந்து சுருங்கியதும் விரல் நுழையும் சந்து விழும். பொறுத்திருந்து வெயில் காலத்திலும் இறுகினால் மட்டும் இழைக்கலாம்.

மர ஜன்னலுக்கு உண்மையான எதிரி மழையைவிட இரும்புக் கம்பி என்பது என் அனுபவம். பழைய வீடுகளில் கம்பிகளை நிலையின் துளைக்குள் செருகியிருப்பார்கள். இரும்பு துருவாகும்போது பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் அடிக்கட்டை நெடுக விரிகிறது. விரிசலில் தண்ணீர் இறங்க, மக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நாங்கள் கம்பி அடிகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, ரெட் ஆக்சைடு அடித்து, சுற்றியுள்ள இடைவெளியை எபாக்ஸியால் அடைத்தோம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

கிழக்கு நிலைகள் மூன்றும் மக்கியதற்குக் காரணம் ஜன்னலில் இல்லை என்பதைக் கொத்தனார் கண்டுபிடித்தார். சன்ஷேடின் வாட்டம் வெளிப்பக்கம் போகாமல் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. மேலே விழுந்த மழை எல்லாம் சுவரில் ஊறி, நிலையின் தலையில் இறங்கியிருக்கிறது. உள்ளே இருந்த கம்பி துருப்பிடித்து சன்ஷேடின் அடியில் கான்கிரீட்டும் பெயர்ந்திருந்தது. முதலில் அதைச் சரிசெய்து, வாட்டத்தை வெளியே திருப்பினோம். தண்ணீர் சுவரை நோக்கி ஓடாமல் விளிம்பிலேயே சொட்டும்படி, அடிப்பக்க ஓரத்தில் நெடுக ஒரு காடியும் எடுத்தோம். இதைச் செய்யாமல் எவ்வளவு விலையுயர்ந்த ஜன்னல் வைத்திருந்தாலும் சுவரில் ஈரம் இறங்குவது நின்றிருக்காது.

அந்த மூன்று இடங்களிலும் 2019-இல் வெளியே திறக்கும் யுபிவிசி ஜன்னல் போட்டோம். சதுர அடி 750 ரூபாய்க்குப் பக்கம். மூலைகள் வெல்டிங் செய்தவை. கதவைச் சுற்றி ரப்பர் கேஸ்கட். கைப்பிடியைத் திருப்பினால் பல இடங்களில் ஒரே நேரத்தில் பூட்டும். மிக்ஜாமில் இந்த மூன்றிலும் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. தெருச் சத்தமும் நன்றாகத் தெரியும் அளவுக்குக் குறைந்தது. கரையான் பயம் இல்லை, பெயிண்ட் வேலை இல்லை, வெள்ளை நிறம் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.

குறையும் உண்டு. பிளாஸ்டிக் துருப்பிடிக்காதே தவிர, அதில் மாட்டிய இரும்பு பிடிக்கும். கதவைத் தாங்கும் ஃப்ரிக்ஷன் ஸ்டே மூன்றே வருஷத்தில் துருவேறி, கதவு தொங்கிவிட்டது. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மாற்றிய பிறகு பிரச்சினை இல்லை. ஆர்டர் கொடுக்கும்போதே இதைக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். சட்டத்துக்குள் வைக்கும் வலுவூட்டல் இரும்பு கால்வனைஸ் செய்ததா என்றும் கேளுங்கள். மாட்டிய பிறகு அதைத் திறந்து பார்க்க முடியாது. மாடியில் வெளிப்பக்கக் கண்ணாடியைத் துடைப்பதும் சிரமம்தான்; கிரில் உள்ளே இருப்பதால் கை எட்டுவதில்லை.

கண்ணாடிக்கு டஃபண்ட், அதாவது சூடாக்கிப் பதப்படுத்திய கண்ணாடி போட்டோம். உடைந்தாலும் கத்தி போல விழாமல் சின்னச் சின்னத் துண்டுகளாக உதிரும். ஆனால் பதப்படுத்திய பிறகு அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. ஒரு கண்ணாடி சில மில்லிமீட்டர் பெரிதாக வந்துவிட்டதால் அதை அப்படியே ஒதுக்கிவிட்டுப் புதிதாகச் செய்து வாங்க வேண்டியிருந்தது. சிலிக்கான் வாங்கும்போதும் பார்த்து வாங்குங்கள். வினிகர் வாசனை வரும் ரகம் சிமென்ட் பூச்சில் நிலைத்துப் பிடிக்காது. சுவரோரத்துக்கு டியூபில் நியூட்ரல் என்று அச்சிட்டிருப்பதுதான் சரி.

செலவைக் கூட்டிப் பார்த்தால், இத்தனை வருஷத்தில் ஒரு ஜன்னலுக்கு மிகக் குறைவாக ஆனது அந்த ஐந்து பழைய மர ஜன்னல்களுக்குத்தான். 2021-இல் ஒருமுறை பெயிண்ட், நான்கு கீல்கள், இரண்டு தாழ்ப்பாள், அவ்வளவே. மூன்றிலும் எது பிடித்திருக்கிறது என்று கேட்டால் தயங்காமல் அவற்றைத்தான் காட்டுவேன். இரண்டு கதவையும் விரித்துவிட்டால் அறை முழுக்கக் காற்று. நிலை போய்விட்ட இடத்துக்கு யுபிவிசி நல்ல தீர்வு. கடல் பார்த்த மாடிக்கு ஸ்லைடிங்கை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எங்கள் வடக்கு ஜன்னல்கள் இரண்டையும் மறுபடியும் மரத்துக்கே மாற்றப்போகிறோம். இடித்த வீடுகளிலிருந்து வந்த பர்மா தேக்கு விற்கும் பழைய மரக் கடையில் நான்கு உத்தரக் கட்டைகள் கிடைத்தன. பல வருஷம் காய்ந்த மரம், இனி அவ்வளவாக முறுக்காது. பழைய ஆணி ஒன்று உள்ளே இருந்தாலும் ரம்பம் போய்விடும் என்று ஆசாரி சொல்லியிருக்கிறார். அதனால் நானும் பையனும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருக்கிறோம். தை பிறந்ததும் அறுக்கக் கொடுக்க வேண்டும்.