எட்டு வருஷமா எங்க ஹால்ல நிக்கிற "ரூம் ஹீட்டர்"

2017ல பெங்களூர் ஃப்ரேசர் டவுன்ல ஒரு வயசானவர் வீட்ட காலி பண்ணும்போது விக்கிறாருன்னு கேள்விப்பட்டு போய் தூக்கிட்டு வந்த ஸ்பீக்கர் ஜோடி இது, குவாட் இஎஸ்எல், 57ன்னு கூப்புடுவாங்களே அந்த பழைய மாடல். ஆட்டோல ஏத்தும்போது டிரைவர் அண்ணா "ஹீட்டரா சார், நம்ம ஊர்ல இப்ப யாரு சார் ஹீட்டர் போடுறா"ன்னார். டிசம்பர்ல கோயமுத்தூர்ல இருந்து வந்த எங்கம்மா நிஜமாவே "குளிருதுடா, அத கொஞ்சம் போடேன்"னாங்க. வெண்கல கலர் ஜல்லடை, மூணு அடி அகலம், வளைஞ்ச முகம், அவங்க மேல தப்பு சொல்ல முடியாது.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. இதுல கோன் கிடையாது, காந்தம் கிடையாது, பெட்டியும் கிடையாது. ஓட்ட போட்ட ரெண்டு தகடுக்கு நடுவுல காத்து மாதிரி லேசான ஒரு ஃபிலிம், அதுக்கு ஹை வோல்டேஜ் சார்ஜ் கொடுத்து வச்சிருக்கும், நம்ம ஆம்ப்ல (ஆம்ப்ளிஃபையர்) இருந்து வர்ற சிக்னல ஒரு டிரான்ஸ்ஃபார்மர் ஏத்தி அந்த தகடுகளுக்கு குடுக்கும், ஃபிலிம் முன்னாடி பின்னாடி இழுபடும், அவ்வளவுதான். நடுவுல ஒரு ட்ரெபிள் பேனல், அதுக்கு 1,500 வோல்ட். ரெண்டு பக்கமும் பாஸ் பேனல், அதுக்கு 6,000 வோல்ட். இங்கிலாந்துல குவாட் கம்பெனிய ஆரம்பிச்ச பீட்டர் வாக்கர் 1957ல வெளியிட்ட டிசைன், 1985 வரைக்கும் வந்துச்சு. நம்ம கைக்கு வர்றப்ப எதுவா இருந்தாலும் அரை ஆயுசு முடிஞ்ச சரக்குதான், அத மனசுல வச்சிட்டு படிங்க.

வீட்டுக்கு வந்து போட்டா வலது பக்கம் சத்தமே கம்மி. ஒயர மாத்தி போட்டேன், ஆம்ப்ப மாத்தினேன், அதே பக்கம்தான் மந்தம். நான் செஞ்ச முதல் முட்டாள்தனம், மல்டிமீட்டர எடுத்து வோல்டேஜ் பாக்கப் போனது. சாதா மீட்டரோட உள் ரெசிஸ்டன்ஸ் 10 மெகா ஓம், இந்த சப்ளைல வர்ற கரண்ட் அவ்வளவு துளியூண்டு, மீட்டர வச்ச உடனே அதுவே எல்லாத்தையும் குடிச்சிடும், ரீடிங்குக்கு அர்த்தமே இல்ல, 6,000 வோல்ட்டுக்கு அந்த மீட்டரும் லாயக்கில்ல. அதுக்குன்னு இருக்குற ஹை வோல்டேஜ் ப்ரோப் வேணும். எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கிற எஸ்.பி. ரோட்ல ஒரு சின்ன கடைல தேடி எடுத்தேன். இன்னொன்னு, ஆஃப் பண்ணி ப்ளக்க உருவின பிறகும் சார்ஜ் உள்ளயே உக்காந்திருக்கும். நான் ஒரு ராத்திரி முழுக்க விட்டுட்டுதான் பின்மூடிய கழட்டுவேன், அப்பவும் ஒரு கைய பாக்கெட்ல வச்சிட்டுதான். உங்களுக்கு இந்த வேலைல பழக்கம் இல்லன்னா தயவுசெஞ்சு தெரிஞ்சவர கூட வச்சிக்கங்க.

வோல்டேஜ ஏத்துற பழைய டயோட், கண்டென்சர் கூட்டம் லீக் ஆயிருந்துச்சு. ரெண்டு ஸ்பீக்கருக்கும் புதுசா செஞ்சு போட்டேன். ஒரு பக்கம் மட்டும் மாத்தினா அப்புறம் ரெண்டும் ஒரே மாதிரி பாடாது. போட்ட அன்னிக்கு ராத்திரி எம்.டி.ராமநாதன் ஒரு கச்சேரி பதிவு போட்டேன், அந்த அடி ஸ்ருதி குரல், தம்புராவுக்கும் குரலுக்கும் நடுவுல இருக்குற காத்து கூட கேக்குது, வீட்டம்மா கிச்சன்ல இருந்து கரண்டியோட வந்து நின்னுட்டா. உண்மைய சொல்லணும்னா இது மாடிஃபிகேஷனே இல்ல, ஃபேக்டரில இருந்து வந்த நிலைமைக்கு திருப்பிக் கொண்டு போனதுதான். "மாட் பண்ணேன் சார், சவுண்டே மாறிடுச்சு"ன்னு சொல்றதுல பாதிக்கு மேல இந்த கதைதான்னு எனக்கு இப்ப தோணுது.

அடுத்து ஸ்டாண்டு. ஒரிஜினல்ல குட்டை கால், தரையோட தரையா பின்னாடி சாஞ்சு நிக்கும். நாம சோஃபால உக்காந்தா சத்தம் முழங்காலுக்கு வருது. அல்சூர்ல ஒரு ஆசாரிகிட்ட தேக்குல ஒன்றரை அடிக்கு கொஞ்சம் கம்மியா ஸ்டாண்டு செஞ்சு, சாய்வையும் குறைச்சு நிறுத்தினேன். பாஸ் ஒரு துளி மெலிஞ்ச மாதிரி இருந்துச்சு, ஆனா மிருதங்கத்தோட தொப்பி பக்கம் தனியா, வலந்தலை தனியா கேக்க ஆரம்பிச்சது. செஞ்சதுலயே காசுக்கு அதிகம் பலன் குடுத்தது இந்த மரக்கட்டைதான்.

இது பின்னாடியும் அதே அளவு சத்தம் விடும், அதனால சுவத்துல ஒட்டி வச்சா கெட்டுப் போகும். ஒரு மீட்டராவது இழுத்து வைக்கணும். டூ பெட்ரூம் ஃப்ளாட்ல ஹால் நடுவுல ரெண்டு ஹீட்டர் நிக்கிறத வீட்ல ஒத்துக்க வைக்கிறது டயோட் மாத்துறத விட பெரிய வேலை. எங்க வீட்டு ஒப்பந்தம், கேக்கும்போது முன்னாடி, கேட்டு முடிச்சா சுவத்துக்கு. தரைல செல்லோடேப்புல குறி போட்டு வச்சிருக்கேன்.

இப்ப சோகக் கதை. 2019ல ஆசைப்பட்டு 100 வாட் ஆம்ப் ஒன்னு மாட்டினேன். இது தாங்குற உச்சம் 33 வோல்ட், அது தெரிஞ்சும் "வால்யூம கம்மியாதான வைப்போம்"னு ஒரு அலட்சியம். ஒரு ஞாயித்துக்கிழமை மச்சான் வந்திருந்தான், "மாமா, தவில் எப்படி இருக்கும் போடுங்க"ன்னான், போட்டேன், பட்டுனு ஒரு சத்தம், நீலமா ஒரு பொறி, ட்ரெபிள் பேனல் ஃபிலிம்ல ஓட்ட. மச்சான் "சூப்பர் எஃபெக்ட் மாமா"ங்கிறான். ஜெர்மனில இன்னும் இதுக்கு புது பேனல் செய்றவங்க இருக்காங்க, வரவழைச்சேன், விலைய இங்க எழுதினா வீட்ல படிச்சிடுவாங்க.

அதுக்கப்புறம்தான் புத்தி வந்து க்ளாம்ப் போர்டு போட்டேன். இன்புட்ல வோல்டேஜ் எல்லை தாண்டினா அது குறுக்க படுத்து மிச்சத்த முழுங்கிடும். ஒரு சிக்கல், அந்த நொடி ஆம்ப்புக்கு அது ஷார்ட் மாதிரி தெரியும், ஏற்கனவே இந்த ஸ்பீக்கரோட இம்பிடென்ஸ், அதாவது ஆம்ப்புக்கு அது காட்டுற எதிர்ப்பு, மேல் ஸ்தாயில 2 ஓம் கிட்ட எறங்குது, அதுல சில டிரான்சிஸ்டர் ஆம்ப் ஆட்டம் காணும். சீரிஸ்ல ஒன்றரை ஓம் ரெசிஸ்டர் ஒன்னு போட்டேன், 100 வாட்ட வித்துட்டு 15 வாட் வால்வு ஆம்ப்புக்கு போயிட்டேன். கல்யாண மண்டப சவுண்டு வராது. வேணும்னா இந்த ஸ்பீக்கரே வாங்காதீங்க.

வேஸ்ட்டானதும் சொல்லணுமே. ட்ரெபிள் பேனல் பின்னாடி இருக்குற கம்பளித் துணிய எடுத்துட்டா "ஓப்பன்" ஆகும்பாங்க, எடுத்தேன், ஆச்சு, ரெண்டு வாரத்துல வயலின் காது கூச ஆரம்பிச்சது, திருப்பி வச்சிட்டேன். ஒருவேளை பெரிய ஹால்ல சரியா இருக்கும். விலை ஒசத்தி ஒயர் போட்டதுல எனக்கு ஒரு வித்தியாசமும் கேக்கல. முன்னாடி ஜல்லடைய கழட்டிட்டா நல்லா இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க, இருக்கும்தான், ஆனா எங்க வீட்ல ஆறு வயசு பொண்ணு இருக்கா, பின்னாடி 6,000 வோல்ட், அந்த பேச்சுக்கே இடமில்ல.

பெங்களூருக்குன்னு தனி பிரச்சினை தூசி. எங்க தெருவ தோண்டி மூடி தோண்டி மூடி, அந்த செம்மண் எல்லாம் சார்ஜ் ஏறின பேனலுக்கு ஓடி வரும். அத தடுக்க பேனலுக்கு மேல மெல்லிசா ஒரு டஸ்ட் கவர் உண்டு, அது கிழிஞ்சா வோல்டேஜ் லீக் ஆகி டிக் டிக்னு அடிக்க ஆரம்பிக்கும். முதல்ல கிச்சன்ல சாப்பாடு மூடுற ஃபிலிம இழுத்து ஒட்டினேன், மூணே மாசத்துல தொய்ஞ்சு சடசடங்குது. அப்புறம் சரியான பாலியெஸ்டர் ஃபிலிம் வாங்கி, ரெண்டு பக்க டேப்புல ஒட்டி, ஹேர் டிரையர்ல சூடு காட்டினா தவில் தோல் மாதிரி விறைப்பா நிக்குது. கரண்ட் 250 வோல்ட் தாண்டி போற ஏரியா எங்களோடது, மெயின்ஸ் ஏறினா உள்ள சார்ஜும் கூடவே ஏறும், அதனால ஒரு ஸ்டெபிலைசர். சென்னை, மும்பை ஈரத்துக்கு நம்ம ஊர் எவ்வளவோ தேவலாம், அது ஒரு கொடுப்பினை.

எட்டு வருஷத்துல கணக்கு பாத்தா, வாங்கின விலைய விட ரெண்டு மடங்கு உள்ள போயிருக்கு. நேத்து ராத்திரி நல்ல மழை, மாலி புல்லாங்குழல் முடிஞ்சு அமைதியானதும் இடது பக்கத்துல இருந்து டிக்... டிக்... கவர் புதுசு, ட்ரெபிள் நல்லா இருக்கு, அப்ப அந்த ஓரத்து பாஸ் பேனல்தான். தீபாவளி லீவுக்கு ஊருக்கு போகலன்னு வீட்ல எப்படி சொல்றதுன்னு யோசிச்சிட்டு இருக்கேன்.